பிலிப்பைன்ஸ் நம்பிக்கையில் அஸ்வாங்கும் பிறவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளைகுடா நாட்டு மருத்துவமனை ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்தேன். விடுதி அறையில் என்னுடன் இருந்த இருவருமே பிலிப்பைன்ஸ்காரர்கள். ஒருவர் பனாய் தீவிலுள்ள இலோய்லோவைச் சேர்ந்தவர். மற்றவர் மணிலாவுக்குத் தெற்கே பத்தாங்காஸ் மாகாணத்தவர். இரவுப் பணி முடிந்து தூக்கம் பிடிக்காத வேளைகளில் அவர்கள் சொன்ன பேய், பூதக் கதைகளில் தொடங்கியது என் ஈடுபாடு. அதன் பிறகு தேடித் தேடிப் படித்தேன். ஊர் திரும்பிய பின், பிலிப்பைன்ஸ்காரர்களோடு கப்பலிலும் மருத்துவமனையிலும் வேலை செய்யும் உறவினர்களும் நண்பர்களும் ஒரே சந்தேகங்களை மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன்.

பிலிப்பைன்ஸில் என்னென்ன பேய்கள் இருக்கின்றன? ஒரு பட்டியல் கொடுங்களேன்.

பட்டியல் போட்டு முடியாது. 7,641 தீவுகள், நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள். ஒரே பெயருக்கு ஒரு தீவில் ஒரு பொருள், பக்கத்துத் தீவில் வேறு பொருள். ஆனால் ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். செத்தவரின் ஆவி ஒரு வகை. அதற்கு மூல்தோ என்று பெயர். செத்தவர் என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது. மரம், மலை, புற்று, ஆறு என்று ஓர் இடத்தில் குடியிருப்பவை இரண்டாம் வகை. அவை என்றுமே மனிதராக இருந்தவை அல்ல. நமக்கு முன்பே அங்கே இருப்பவை. மூன்றாவதுதான் அஸ்வாங். பகலில் அது மனிதர்.

எல்லாவற்றையும் 'பேய்' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுவதால்தான் நம்மவர்களுக்குப் பிலிப்பைன்ஸ் கதைகள் பிடிபடுவதில்லை.

அஸ்வாங் என்பது ரத்தக்காட்டேரிதானே?

ரத்தம் குடிப்பது அதன் ஒரு முகம் மட்டுமே. பிலிப்பைன்ஸ் நாட்டாரியல் அறிஞர் மாக்சிமோ ராமோஸ், அஸ்வாங் என்ற பெயரில் மக்கள் சொல்பவற்றை ஐந்தாகப் பிரித்தார்: ரத்தம் உறிஞ்சுவது, உடலின் உள்ளுறுப்புகளையும் கருவையும் உறிஞ்சுவது, நாய் போன்ற விலங்காக மாறி மனிதரைத் தின்பது, சூனியம் வைக்கும் பெண், பிணம் தின்பது. ஊருக்கு ஊர் இந்த ஐந்தும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும்.

அச்சத்தின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. அஸ்வாங் காட்டிலிருந்து வருவதில்லை. சந்தையில் மீன் விற்பவள், மூன்றாவது வீட்டில் தனியாக இருக்கும் மூதாட்டி, புதிதாகக் குடிவந்த தம்பதியர் என்று யாராகவும் இருக்கலாம். பகலில் சிரித்துப் பேசுவார்கள், கூச்ச சுபாவமாகக்கூட இருப்பார்கள். 'பக்கத்து வீட்டுக்காரரை அது தொடாது' என்று இலோய்லோத் தோழி சொன்னபோது முதலில் ஆறுதலாக இருந்தது. பிறகு யோசித்தால், பக்கத்து வீட்டில் அது இருக்கலாம் என்பதுதானே அதன் பொருள்!

மனனங்கல் பாதி உடம்போடு பறக்கும் என்கிறார்கள். மீதிப் பாதி என்ன ஆகும்?

மேலே சொன்ன ஐந்தில் உள்ளுறுப்புகளையும் கருவையும் உறிஞ்சும் அஸ்வாங்தான் மனனங்கல். மீதிப் பாதி நின்றுகொண்டே இருக்கும். வாழைத்தோப்பின் மறைவிலோ வீட்டுக்குள்ளோ இடுப்புக்குக் கீழான பாதி அசையாமல் நிற்க, மேல்பாதி வௌவால் சிறகோடு கிளம்பும். மணிலாப் பக்கம் பேசும் டகாலோக் மொழியில் தங்கல் என்றால் கழற்றுதல். தன்னைத் தானே கழற்றிக்கொள்பவள் என்பதே மனனங்கல் என்ற பெயரின் பொருள். நம் காதுக்கு வேறு பொருள் தரும் சொல் என்பதால் எனக்கு மறக்கவே இல்லை. மலேசியத் தமிழர்களுக்குப் பெனங்காலான் கதை தெரிந்திருக்கும். தலையும் குடலும் மட்டும் பறந்து போகும் அந்தப் பெண்ணின் பெயரிலும் இதே வேர்ச்சொல்தான் இருக்கிறது.

அது தேடிப் போவது கர்ப்பிணி இருக்கும் வீட்டை. கூரை நிப்பா ஓலையால் வேய்ந்தது. கீழே பாய் விரித்து அவள் உறங்குகிறாள். ஓலையின் இடுக்கு வழியாக நூல் போல மெலிந்த நாக்கு இறங்கி, வயிற்றைத் தொட்டு, கருவை உறிஞ்சும். 'கூரையிலிருந்து நூல் தொங்கினால் கையால் பிடிக்காதே, கத்தரிக்கோலால் வெட்டு' என்று தோழியின் பாட்டி சொல்லிக்கொடுத்திருந்தாராம்.

மனனங்கலை வெல்ல நினைப்பவர்கள் மேல்பாதியோடு மல்லுக்கட்ட மாட்டார்கள். நிற்கும் கீழ்ப்பாதியைக் கண்டுபிடித்து, வெட்டுவாயில் உப்பு, சாம்பல், நசுக்கிய பூண்டு ஆகியவற்றைப் பூசிவிடுவார்கள். திரும்பி வருபவளால் ஒட்டிக்கொள்ள முடியாது. விடிந்தால் அவள் அழிந்தாள். கருச்சிதைவுக்குக் காரணம் தெரியாத காலத்தில், பேறுகாலப் பெண்ணை இரவெல்லாம் யாராவது விழித்திருந்து பார்த்துக்கொள்ள இந்தக் கதை ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அது பக்கத்தில் வந்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

சத்தத்தை வைத்து. 'டிக்-டிக்' என்றோ 'வக்-வக்' என்றோ இரவில் ஒலி கேட்கும். அது அஸ்வாங்கோடு பறக்கும் பறவையின் குரல் என்பார்கள்; சில ஊர்களில் அஸ்வாங்குக்கே அதுதான் பெயர். சத்தம் பலமாகக் கேட்டால் அது தூரத்தில் இருக்கிறது. தேய்ந்து, மெலிந்து, காதுக்கு எட்டாத தொலைவில் இருப்பது போலத் தோன்றினால் கூரைமேல் வந்துவிட்டது. அடங்கிப்போகும் ஒலிதான் ஆபத்து என்ற இந்த ஒரு தலைகீழ் விதிக்காகவே இக்கதைகளைக் கண்டெடுத்த மக்களை வணங்கத் தோன்றும்.

வேறு அடையாளங்களும் உண்டு. அதன் கண்மணியில் நம் உருவம் தலைகீழாகத் தெரியும். புனித வெள்ளியன்று செபம் ஓதிக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய், அஸ்வாங் நெருங்கினால் நெருப்பில்லாமலே கொதிக்கும். வீட்டில் திருக்கை மீனின் காய்ந்த வாலைச் சுவரில் தொங்கவிட்டிருப்பார்கள். அந்தச் சாட்டையடிக்கு அது பயப்படும்.

ஒருவர் எப்படி அஸ்வாங் ஆகிறார்? கடித்தால் பரவுமா?

கடித்துப் பரவுவது ஐரோப்பியக் கதை. இங்கே அது பெரும்பாலும் குடும்ப வழியாக வருவது. பரவலாகச் சொல்லப்படும் ஒரு கதை கோழிக்குஞ்சைப் பற்றியது. அஸ்வாங்கின் தொண்டைக்குள் கறுப்புக் குஞ்சு ஒன்று இருக்கிறது. அது உள்ளே இருக்கும்வரை உயிர் பிரியாது. எவ்வளவு முதுமை வந்தாலும், எவ்வளவு வேதனைப்பட்டாலும் சாக முடியாது. மகளோ பேத்தியோ வாயருகே வாய் வைத்து அந்தக் குஞ்சை வாங்கிக்கொண்டால்தான் கிழவிக்கு விடுதலை.

பல நாள் இழுத்துக்கொண்டே கிடக்கும் நோயாளிகளைப் பார்த்தவள் நான். படுக்கையைச் சுற்றி நிற்கும் பிள்ளைகளின் முகத்தையும் பார்த்திருக்கிறேன். இந்தக் கதையைக் கேட்ட இரவு எனக்கு அந்த முகங்கள்தான் நினைவுக்கு வந்தன.

குழந்தை அழுவது போலக் கேட்டால் போகக்கூடாது என்கிறார்களே, அது என்ன?

தியானாக். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த சிசு, காட்டுப்பாதையில் குழந்தையாகக் கிடந்து அழும். தூக்கினால் பல்லும் நகமும் முளைத்துப் பாயும். ஞானஸ்நானம் என்பது பிற்காலச் சேர்க்கை. பழைய பெயர் பத்தியானாக். மலாய் நாட்டில் பொந்தியானாக் என்னும் பெண்பேயின் பெயரோடு உறவுடையது. 18-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியத் துறவி தோமாஸ் ஓர்டிஸ் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பிரசவ நேரத்தில் கணவன் உடையைக் களைந்து, வாளும் ஈட்டியும் ஏந்தி, வீட்டைக் காவல் காத்து அதை விரட்டுவானாம்.

வெயிலடிக்கும்போது மழை பெய்தால் அங்கேயும் ஏதோ கல்யாணம் என்பார்களாமே?

ஆம். நமக்குக் காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம். அங்கே டிக்பாலாங்குக்குக் கல்யாணம். குதிரைத்தலை, மனித உடல், குந்தி உட்கார்ந்தால் முழங்கால் தலைக்கு மேலே போகும் அளவுக்கு நீண்ட கால்கள். கொல்வது அதன் வேலை இல்லை. மலைப்பாதையில் போகிறவரை ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வரவைக்கும். வழி தவறியவர் சட்டையைக் கழற்றி உள்புறம் வெளியே தெரியும்படி மாற்றிப் போட்டுக்கொண்டால் மயக்கம் தெளிந்துவிடும்.

மரத்தில் உட்கார்ந்து சுருட்டுப் பிடிக்கும் பூதம் ஒன்று இருக்கிறதாமே? நம் முனியா?

அதன் பெயர் காப்ரே. கறுத்து, ரோமம் அடர்ந்து, பனைமரம் போன்ற உயரம். பலேட்டே என்னும் ஆலமர வகையிலோ மாமரத்திலோ உட்கார்ந்திருக்கும். இருட்டில் உச்சிக் கிளையில் சுருட்டு நெருப்பு மட்டும் மினுங்கும். புகையிலை வாசனை வந்தால் மேலே பார்க்காமல் நடந்துவிடுவார்கள். சிலநேரம் ஒரு பெண்மேல் காதல் கொண்டு அவள் வாழ்நாள் முழுவதும் பின்னாலேயே வரும். முனி இல்லை, ஆனால் அதன் பெயர் நமக்கு அந்நியமும் இல்லை.

காஃபிர் என்ற அரபுச் சொல், ஆப்பிரிக்கரைக் குறிக்கும் காஃப்ரே ஆகப் போர்த்துகீசிய, ஸ்பானிய மொழிகளுக்குப் போனது. அதுதான் மணிலாவில் காப்ரே. இலங்கைப் புத்தளம் பக்கம் ஆப்பிரிக்க வழிவந்த மக்களைக் காப்பிலியர் என்பதும், பழைய தமிழில் காப்பிரி என்பதும் அதே சொல்லிலிருந்து வந்தவை. கொச்சி மட்டாஞ்சேரியில் இன்றும் காப்பிரி முத்தப்பனுக்குச் சுருட்டும் கள்ளும் படைக்கிறார்கள். 1663-இல் டச்சுக்காரர்களிடம் தோற்றுப் போகும்போது போர்த்துகீசியர் தம் ஆப்பிரிக்க அடிமைகளைக் கொன்று புதையலோடு புதைத்தார்கள், அவர்களே காவல் ஆவிகளானார்கள் என்பது அங்குள்ள ஐதிகம். கொச்சியிலும் சுருட்டு, மணிலாவிலும் சுருட்டு, பெயரும் ஒன்று. அடிமைகளை ஏற்றிப்போன கப்பல்களின் தடம் இரு கரைகளிலும் ஆவியாக நிற்பதைப் பார்க்க எனக்கு மனம் கனக்கிறது.

என்னுடன் வேலை செய்பவர் புதர்ப்பக்கம் போகும்போது ஏதோ முணுமுணுக்கிறார். என்ன சொல்கிறார்?

'தாபி-தாபி போ' என்றிருப்பார். கொஞ்சம் வழி விடுங்கள், கடந்து போகிறேன் என்று பொருள். கடைசியிலுள்ள 'போ' நம் 'போ' அல்ல. மரியாதை விகுதி, நாம் 'ங்கள்' சேர்ப்பது போல. கரையான் புற்றில் குடியிருக்கும் சிறிய கிழவரான நூனோவிடம் கேட்கும் அனுமதி அது. நூனோ என்றால் தாத்தா, மூதாதை. கேட்காமல் புற்றை மிதித்தாலோ அதன்மேல் சிறுநீர் கழித்தாலோ கால் வீங்கும், காய்ச்சல் வரும்.

அப்படி வந்தால் அல்புலார்யோ என்னும் நாட்டு வைத்தியரிடம் போவார்கள். அவர் படிகாரத்தைச் சுட்டோ, மெழுகை உருக்கித் தண்ணீரில் ஊற்றியோ, உறைந்த உருவத்தைப் பார்த்து யாரைப் புண்படுத்தினோம் என்று சொல்வார். படிகாரத்துக்கு அங்கே தாவாஸ் என்று பெயர். அந்தச் சடங்குக்கும் அதுவே பெயர். படிகாரம் சுற்றிப் போட்டு, பொரிந்த உருவத்தில் கண் வைத்தவரைத் தேடும் நம் வீட்டுப் பாட்டிமாருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

தூக்கத்தில் நெஞ்சில் ஏறி உட்காரும் அமுக்குவான் பேய் அங்கேயும் உண்டா?

உண்டு. நாட்டின் வடபகுதியிலுள்ள இலோகானோ மக்கள் அதைப் பாத்திபாத் என்கிறார்கள். பருத்த பெண்ணுருவம், மரத்தில் வாழ்வது. அந்த மரத்தை வெட்டி வீட்டுக்குத் தூணாக நட்டால் அவளும் கூடவே வருவாள். தூணருகே படுப்பவரின் மார்பில் ஏறி உட்காருவாள். கட்டைவிரலைக் கடி, கால்விரலை அசை என்று சொல்லிக்கொடுப்பார்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. தூக்கத்தில் முனகி அப்படியே இறந்துபோவதை அங்கே பாங்குங்கோட் என்கிறார்கள். இறப்பவர்கள் பெரும்பாலும் திடகாத்திரமான இளைஞர்கள். இந்தச் சாவுகளில் பலவற்றுக்கு இதயத்தின் மின்துடிப்புக் கோளாறான பிரூகாடா நோய்க்குறிதான் காரணம் என்று இன்று மருத்துவம் சொல்கிறது. 1992-இல் அது முதலில் தனி நோயாக விவரிக்கப்பட்டது. பல நேரம் இசிஜியில் தெரிந்துவிடும். குடும்பத்தில் யாராவது இளம் வயதில் தூக்கத்தில் இறந்திருந்தால் இதய மருத்துவரைப் பாருங்கள். இதை ஒரு செவிலியராக அழுத்திச் சொல்கிறேன்.

திவாத்தா என்றால் தேவதைதானே? அப்படியானால் சோழர்கள் கொண்டுபோனதா?

முதல் பாதி சரி. காட்டையும் மலையையும் காக்கும் திவாத்தா, சமஸ்கிருத தேவதாவிலிருந்து வந்தது. டகாலோக் மக்களின் பழைய முழுமுதற் கடவுளான பாத்தாலாவின் பெயர் இறைவனைக் குறிக்கும் பட்டாரர் என்ற சொல்லோடு தொடர்புடையது. கிரகணத்தையும் மறைவதையும் குறிக்கும் லாஹோ, நம் ராகு. நாட்டின் நடுப்பகுதியிலுள்ள விசாயத் தீவுகளில் நிலவை விழுங்குவது பாக்குநாவா என்ற பெரும் பாம்பு. சட்டிப்பானைகளைத் தட்டி அதைத் துப்பவைப்பார்கள்.

சோழர் என்பதற்கு மட்டும் சான்று கிடையாது. மணிலாவுக்கு அருகே லகுனாவில் கிடைத்த செப்பேடு சக ஆண்டு 822, அதாவது கி.பி. 900-ஐச் சேர்ந்தது. பழைய மலாய் மொழியில் சமஸ்கிருதச் சொற்கள் கலந்து எழுதப்பட்ட கடன் தீர்வுப் பத்திரம் அது. ராஜேந்திரனின் ஸ்ரீவிஜயப் படையெடுப்பு 1025-இல். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இச்சொற்கள் மலாய், ஜாவா வணிகர் வழியாக அங்கே போய்ச் சேர்ந்துவிட்டன. நம் பெருமைக்காக இன்னொருவர் வரலாற்றை இழுக்க வேண்டாம்.

அவர்கள் கத்தோலிக்கர்கள் அல்லவா? சர்ச்சுக்குப் போகிறவர்கள் இதையெல்லாம் எப்படி நம்புகிறார்கள்?

மேலே சொன்ன எண்ணெய்க்குப் புனித வெள்ளி, தியானாக்குக்கு ஞானஸ்நானம் என்று பார்த்தீர்கள் அல்லவா? இரண்டும் ஒரே வீட்டுக்குள் வாழ்கின்றன. ஸ்பானியர் 1565-இல் குடியேறத் தொடங்கியபோது சடங்கு நடத்துவதும் நோய் தீர்ப்பதும் பாபாய்லான் என்ற பூசாரிப் பெண்களின் கையில் இருந்தன. 1589-இல் ஹுவான் தெ பிளாசென்சியா என்ற துறவி, டகாலோக் மக்களின் பூசாரிகள், மருத்துவர்கள், சூனியக்காரர்கள் அனைவரையும் 'சாத்தானின் ஆட்கள்' என்று ஒரே பட்டியலில் எழுதினார். பூசாரிப் பெண்ணுக்குப் பக்கத்திலேயே, தன்னைக் கழற்றிக்கொள்பவளும் அஸ்வாங்கும் அதில் இருக்கின்றன. அஸ்வாங் விசாயத் தீவுகளில்தான், டகாலோக் மக்களிடம் இல்லை என்றும் அவரே குறிப்பிடுகிறார்.

அஸ்வாங்கை ஸ்பானியர்தான் உருவாக்கினார்கள் என்று சிலர் சொல்வது மிகை. மலாய்ப் பெனங்காலானைப் பார்த்தாலே அது பழைய சொத்து என்று தெரியும். ஆனால் நோய் தீர்த்தவளையும் பிள்ளை தின்பவளையும் ஒரே வரிசையில் நிறுத்தியதில் அந்தப் பட்டியலுக்குப் பங்கு உண்டு. இன்றும் ஊருக்கு ஒதுங்கி வாழும் வயதான பெண்மேல்தான் சந்தேகம் முதலில் விழுகிறது. 1992-இல் மணிலாவின் தொண்டோ பகுதியில் மனனங்கல் உலவுவதாகப் பத்திரிகைகள் பரபரப்பாக எழுதியபோது, பழி சுமந்தவரும் ஒரு மூதாட்டியே.

அமெரிக்க உளவுத்துறை அஸ்வாங்கைப் போருக்குப் பயன்படுத்தியது என்பது கட்டுக்கதைதானே?

கட்டுக்கதை இல்லை. செய்தவரே எழுதி வைத்திருக்கிறார். 1950-களின் தொடக்கத்தில் ஹுக் என்ற விவசாயிகளின் கிளர்ச்சியை ஒடுக்க, அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ரமோன் மக்சாய்சாய்க்கு ஆலோசகராக இருந்தவர் எட்வர்ட் லான்ஸ்டேல் என்ற அமெரிக்க அதிகாரி. கிளர்ச்சியாளர்கள் முகாமிட்டிருந்த குன்றில் அஸ்வாங் உலவுவதாக முதலில் வதந்தி பரப்பினார்கள். அந்த வதந்தி மலையேறிச் சேர அவகாசம் கொடுத்தார்கள். பிறகு ஓர் இரவு, வரிசையாகப் போன குழுவில் கடைசி ஆளைச் சத்தமில்லாமல் பிடித்து, கழுத்தில் இரண்டு துளைகள் போட்டு, தலைகீழாகத் தொங்கவிட்டு ரத்தத்தை வடித்து, உடலைப் பாதையிலேயே கிடத்தினார்கள். மறுநாள் அந்தப் படை குன்றைக் காலி செய்தது. 1972-இல் வெளிவந்த தம் நினைவுக்குறிப்பில் இதை ஓர் உத்தியாக விவரிக்கிறார் லான்ஸ்டேல். ரத்தம் வடிந்து செத்தவன் ஒரு மனிதன். அவனைக் கொன்றவர்களும் மனிதர்கள். இதைச் சுவாரசியத் துணுக்காகப் பகிர்கிறவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள்.

காபிஸ் மாகாணம் முழுக்க அஸ்வாங் ஊர் என்கிறார்களே, உண்மையா?

காபிஸ் பனாய் தீவில் இருக்கிறது. சிப்பிக்கும் இறாலுக்கும் பெயர் போன மாகாணம். ஆனால் மணிலாவில் ஒருவர் 'நான் காபிஸ்' என்றால் எதிரில் இருப்பவர் கழுத்தை மூடிக்கொண்டு சிரிப்பார். வேலைக்குப் போன இடத்தில், பெண் பார்க்கப் போன இடத்தில் என்று அந்தச் சிரிப்பு வாழ்நாள் முழுவதும் தொடரும்.

அங்கே லூபாக் என்றொரு பரம்பரை நோய் உண்டு. முறுக்குதல் என்று பொருள். எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் பெண்கள் வழியே கடந்து பெரும்பாலும் ஆண்களைத் தாக்குகிறது. பொதுவாக நாற்பதை ஒட்டிய வயதில் தொடங்கும். கழுத்து திருகும், தாடை கோணும், நாக்கு தானாக வெளியே நீளும். உலகிலேயே பனாய் தீவு வழிவந்தவர்களிடம்தான் இது காணப்படுகிறது. அதிலும் காபிஸில் அதிகம். 1976-இல் மருத்துவர் லிலியன் லீயும் அவருடன் பணியாற்றியவர்களும் இதை மருத்துவ உலகத்துக்கு எடுத்துச் சொன்னார்கள். இருட்டில் இப்படி ஒரு முகத்தைப் பார்த்தவர்களே காபிஸுக்கு அந்தப் பெயரைக் கொடுத்திருப்பார்கள் என்று சிலர் விளக்குகிறார்கள். முழு விளக்கமாக என்னால் இதை ஏற்க முடியவில்லை. லூபாக் வருவது பெரும்பாலும் ஆண்களுக்கு, கதையில் வருவதோ பெரும்பாலும் பெண். ஆனால் நோயாளிகளின் குடும்பங்கள் அந்தப் பெயருக்கு அஞ்சி நோயாளியை வீட்டுக்குள் மறைத்தால் சிகிச்சை தள்ளிப்போகும். ஒரு செவிலியராக எனக்கு உறுத்துவது அதுதான்.

என் பிலிப்பைன்ஸ் தோழியிடம் இதைப் பற்றிப் பேசலாமா? தப்பாக எடுத்துக்கொள்வாரா?

தாராளமாகப் பேசுங்கள். 'உங்கள் பாட்டி என்ன சொல்வார்?' என்று கேளுங்கள். விடிய விடியப் பேசுவார்கள். 'நீ நம்புகிறாயா?' என்று தொடங்கினால் வாயை மூடிக்கொள்வார்கள். காபிஸைச் சேர்ந்தவர் என்றால் அஸ்வாங் பேச்சை நீங்களாக எடுக்க வேண்டாம். தோழியின் கைக்குழந்தையை நீங்கள் கொஞ்சும்போது 'புவேரா ஊசோக்' என்று சொல்லுங்கள். கண்பட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்வது; தாயின் முகம் மலர்ந்துவிடும்.

கடைசியாக ஒன்று. நீங்கள் நம்புகிறீர்களா?

அஸ்வாங்கை நம்பவில்லை. எந்த மனிதரையும் அப்படி அழைக்க இடம் கொடுக்கும் நம்பிக்கையை என்னால் ஏற்க முடியாது. நூனோவின் விஷயம் வேறு. எங்கள் வீட்டுக் கொல்லையில் வேப்பமரத்தடியில் ஒரு புற்று இருக்கிறது. மாலையில் கொடியில் காயும் துணியை எடுக்க அந்தப் பக்கம் போகும்போது 'தாபி-தாபி போ' என்று என் வாய் தானாகச் சொல்கிறது. போன வாரம் என் மகளும் அதைச் சொல்லிக்கொண்டு போவதைக் கேட்டேன்.